வெள்ளை நாய் ஏன் எழவில்லை?

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இராஜபாளையம் வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறமாகக் கூடவே வரும். மலையடிவாரத்தில் மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள்; ஊருக்குள் பஞ்சாலைகள். இந்தத் தோப்புகளின் காவலுக்கும், முன்னாளில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்க்கப்பட்டதுதான் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இராஜபாளையம் நாய். பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். 2005-ஆம் ஆண்டு நம் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றுள் இதுவும் ஒன்று.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். இரவு முழுதும் தோப்பைச் சுற்றி ஓடிய அந்த நாய், விடிந்ததும் திண்ணையோரம் படுத்துக் கிடக்கிறது. எழ முயல்கிறது; முடியவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "வாதம் அடிச்சிருச்சு, நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்ங்க" என்கிறார் தாத்தா. "ராத்திரி தோப்புல ஏதோ தீண்டியிருக்கும்" என்கிறார் சித்தப்பா. பாட்டியோ, "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு போல. டேய், வாயத் திறந்து கைய விட்டு எடுத்து விடு" என்று பேரனிடம் சொல்கிறார்.

மூவரும் நாயின் மீது அன்பு கொண்டவர்களே. ஆனால் இம்மூன்றில் ஒரு யோசனை, பேரனின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. அது எது என்பதைக் கட்டுரையின் போக்கில் நீங்களே கண்டுபிடித்து விடுவீர்கள்.

மோட்டார் ஓடவில்லை என்றால்

தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பழுது எங்கே? துணைமின் நிலையத்தில் இருக்கலாம், வழியில் கம்பி அறுந்திருக்கலாம், ஸ்டார்ட்டரில் இருக்கலாம், மோட்டாரே எரிந்து போயிருக்கலாம். எல்லாவற்றிற்கும் விளைவு ஒன்றுதான்: தண்ணீர் வராது. நல்ல மின் பணியாளர் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன், பக்கத்துத் தோட்டத்தில் விளக்கு எரிகிறதா என்று கேட்பார்.

நாயின் உடலிலும் அப்படியே. மூளை கட்டளை பிறப்பிக்கிறது. அது முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் வழியாக இறங்குகிறது. அங்கிருந்து பிரியும் இயக்கு நரம்புகள் அதனைத் தசைக்கு எடுத்துச் செல்கின்றன. நரம்பின் முனையும் தசையும் ஒன்றையொன்று தொடுவதில்லை; நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, இடைவெளியைக் கடந்து, தசையைச் சுருங்கச் செய்கிறது. இதுதான் ஸ்டார்ட்டர். இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் கால் அசையாது. 'வாதம்' என்று நாம் சொல்லும் ஒரு சொல்லுக்குள் இத்தனை வேறு வேறு பழுதுகள் அடங்கியிருக்கின்றன.

பழுது நரம்பில்தானா என்பதையே முதலில் கேட்க வேண்டும். கால் எலும்பு முறிந்த நாயும் எழாது. பின்னங்காலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக் கொண்டாலும் கால் விழுந்துவிடும். ஆனால் அந்தக் கால் சில்லிட்டிருக்கும். இராஜபாளையம் நாயிடம் மற்றொரு வேடிக்கையும் உண்டு. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. தோலுக்கு நிறம் தருகின்ற நிறமிச் செல்கள் உட்காதுக்கும் தேவை. வெள்ளை நாய்களில் அவை அங்கே இல்லாமற் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்து விடுகின்றன. எனவே, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஒரு வெள்ளை நாய் எழவில்லை என்றால், அதற்கு வாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எட்ட நின்று தரையைத் தட்டுங்கள். அதிர்வை உணர்ந்து துள்ளி எழுந்து விட்டால், பழுது கால் நரம்பில் இல்லை.

எத்தனை கால்கள்?

நாயின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள், மார்புப் பகுதியில் 13, இடுப்பில் 7. (நமக்கு முறையே 7, 12, 5. ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் 7-தான்!) முன்னங்கால் நரம்புகள் கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. பின்னங்கால் நரம்புகள் இடுப்புப் பகுதியில் கிளம்புகின்றன. இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே, தொடாமல், பழுதின் இடத்தைப் பெருமளவு ஊகித்து விடலாம்.

முன்னங்கால்கள் நன்றாக இருந்து, பின்னங்கால்கள் மட்டும் இழுபட்டால், பழுது முன்னங்கால்களுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. நான்கு கால்களும் போய்விட்டால் கழுத்திலோ, அல்லது உடல் முழுதும் உள்ள நரம்பு முனைகளிலோ இருக்கலாம். ஒரு பக்கத்துக் கால்கள் மட்டும் என்றால் தண்டுவடத்தின் ஒரு பாதியை, அல்லது மூளையை நினைக்க வேண்டும். தலை சாய்ந்து, கண்மணிகள் பக்கவாட்டில் துடித்து, நாய் வட்டமடித்து விழுந்தால், அது பெரும்பாலும் சமநிலை உறுப்பின் கோளாறே, வாதம் அன்று.

இதில் ஏமாற்றக் கூடிய ஒன்றும் உண்டு. சாலையில் வண்டி மோதி நடு முதுகு முறிந்த நாய் சில வேளை முன்னங்கால்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு கிடக்கும். பார்ப்பவர்கள் நான்கு கால்களும் போயின என்று எண்ணுவர். உண்மையில் முன்னங்கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்புத் தண்டுவடத்திலிருந்து மேலே சென்று முன்னங்கால் தசைகளை அடக்கி வைக்கும் கட்டளை அறுந்ததனால் வந்த விறைப்பு அது. இதனை விளக்கியவர்களுள் ஒருவர், 1932-இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய அறிஞர் ஷெரிங்டன்.

இழுத்துக்கொண்ட கால்

இப்போது ஒரு சோதனை. நாயிடம் அல்ல, உங்களிடமே. மேசை மீது கால்கள் தொங்க உட்காருங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே நண்பனை விரல் விளிம்பால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். கால் தானாக முன்னே எகிறும். 1875-ஆம் ஆண்டில் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் இதனை நோய் அறியும் கருவியாக்கினர். இந்தச் செயலுக்கு மூளையின் அனுமதி தேவையில்லை. செய்தி தசையிலிருந்து தண்டுவடத்திற்குப் போய், அங்கேயே திரும்பி வந்து விடுகிறது. இதனை மறிவினை அல்லது அனிச்சைச் செயல் என்கிறோம்.

நாயின் நடு முதுகில் தண்டுவடம் நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூளையின் கட்டளை பின்னங்காலுக்கு எட்டாது. ஆனால் நசுங்கிய இடத்திற்குக் கீழே இடுப்புத் தண்டுவடம் முழுதாக இருக்கிறது அல்லவா? எனவே மறிவினை இருக்கும். சில வேளை வழக்கத்தைவிட வலுவாகவே இருக்கும். கால் விறைப்பாகவும் இருக்கும். மாறாக, பழுது இடுப்புத் தண்டுவடத்திலோ, நரம்பிலோ, நரம்பு முனையிலோ இருந்தால், திரும்பி வரும் பாதையே இல்லை. கால் துணிபோலத் துவண்டு கிடக்கும். விறைப்பா, துவளலா என்ற ஒரு கேள்வி, பழுது மேலேயா கீழேயா என்று சொல்லிவிடுகிறது.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். மருத்துவர் நாயின் பின்னங்கால் விரலைக் கிள்ளுகிறார். கால் வெடுக்கென்று மடங்குகிறது. "உணர்ச்சி இருக்கு, பிழைச்சிரும்" என்று வீட்டார் மகிழ்கின்றனர். மருத்துவரோ காலைப் பார்க்கவில்லை. நாயின் முகத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். வலி மூளைக்குப் போயிருந்தால் நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். கால் மட்டும் மடங்கி, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை என்றால், அது வெறும் மறிவினை. தண்டுவடம் மிகக் கடுமையாக அடிபட்டிருக்கிறது என்பதே பொருள். தட்டு பிதுங்கியதால் வாதம் கண்ட நாய்களில், வலி உணர்ச்சி எஞ்சியவை பெரும்பாலும் அறுவைக்குப் பின் நடந்து விடுகின்றன. வலி உணர்ச்சியே அற்றுப் போனவற்றில் ஏறத்தாழப் பாதிதான் நடக்கின்றன. அதுவும் அறுவை விரைவில் நடந்தால்.

மற்றொரு சோதனையும் மருத்துவர் செய்வார். நாயைத் தாங்கிப் பிடித்து, பாதத்தை மடக்கி, அதன் மேற்புறம் தரையில் படும்படி வைப்பார். நலமான நாய் கண நேரத்தில் பாதத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். தன் கால் எங்கே இருக்கிறது என்ற அறிவு மூளைக்குப் போகாத நாய், மடங்கிய பாதத்தின் மீதே நின்று கொண்டிருக்கும். அப்போது நகங்களையும் பாருங்கள். மேற்புறம் தேய்ந்திருந்தால், 'இன்று காலையில்தான் வந்தது' என்பது சரியல்ல. பல நாட்களாகவே அந்தக் கால் தேய்த்து நடந்திருக்கிறது.

ஓடும்போது விழுந்த நாய்

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. நடுவில் கூழ், சுற்றிலும் நார். 1952-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்சன் என்ற கால்நடை அறிஞர் நாய்களின் தட்டுகளை விரிவாக ஆராய்ந்தார். டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களில் இந்தக் கூழ் இளமையிலேயே காய்ந்து சுண்ணாம்பாகி, ஒரு நாள் திடீரென்று வெடித்துத் தண்டுவடத்தை நசுக்குகிறது. முதுகைத் தொட்டாலே நாய் கத்தும். இது பெரும்பாலும் விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்திலேயே நிகழ்கிறது. ஏன் தெரியுமா? மார்புப் பகுதியில், இரண்டாம் விலா இணையிலிருந்து ஏறத்தாழப் பத்தாம் இணை வரை, எதிரெதிர் விலா எலும்புகளின் தலைகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு நாண் தட்டின் மேலாகக் குறுக்கே ஓடுகிறது. கூழ் பிதுங்காமல் அது அணை போட்டு விடுகிறது! அணை இல்லாத இடத்தில் உடைப்பு எடுக்கிறது.

நீண்ட கால்களும் பெரிய உடலும் கொண்ட நாய்களில் வேறொரு விபத்து நடக்கலாம். முயலைத் துரத்தும் வேகத்தில், அல்லது வேலியைத் தாண்டும்போது, நாய் ஒருமுறை வீறிட்டு விழும். தட்டிலிருந்து கசிந்த ஒரு சிறு துணுக்கு தண்டுவடத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாயை அடைத்துவிடுகிறது. மனிதருக்கு மூளையில் வரும் பக்கவாதத்தைப் போல, இது தண்டுவடத்தில் வரும் அடைப்பு. சில நிமிடங்களில் வலி மறைந்து விடும்; ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் கால்கள் விழுந்திருக்கும். ஒரு நாளைக்கு மேல் அது முற்றுவதில்லை. வலி உணர்ச்சி இருக்கும் நாய்களில் பல, அறுவை இன்றியே, பயிற்சியாலும் பராமரிப்பாலும் சில வாரங்களில் எழுந்து நடக்கின்றன. 'இனி இது தேறாது' என்று முதல் நாளே கைவிடப்படும் நாய்களில் இத்தகையவையும் இருக்கும் என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது.

தாத்தா சொன்ன எண்ணெய்க்கு இங்கே என்ன வேலை? முறிந்த முதுகை நீவினால் அரைகுறையாகத் தப்பிய தண்டுவடமும் போய்விடும். அவ்வளவுதான்.

தோப்பில் தீண்டியது

சித்தப்பாவின் ஊகம் நம் ஊர்களில் மிகவும் பொருத்தமானது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அதன் கடியில் வீக்கமும் வலியும் மிகக் குறைவு. நாயின் உரோமத்துக்குள் கடிவாயைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அரிது. நல்ல பாம்பு கடித்தால் பெரும்பாலும் கடிவாய் வீங்கும். இரண்டின் நஞ்சும் தாக்குவது ஸ்டார்ட்டரைத்தான். 1963-இல் தைவான் நாட்டில் சாங், லீ என்ற இரு அறிஞர்கள் அந்நாட்டுக் கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தனர். அது தசையின் மீது அசிட்டைல்கோலின் வந்து அமரும் இருக்கையில் தான் போய் உட்கார்ந்து கொள்கிறது! நல்ல பாம்பின் நஞ்சும் அவ்வாறே செய்கிறது. கட்டுவிரியன் இதோடு நிற்பதில்லை. அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பு முனையையே அழிக்கிறது. அழிந்த முனை மீண்டும் வளர நாட்களாகும். ஆகவே நச்சுமுறி மருந்து முனை அழிவதற்கு முன் உடலில் ஏற வேண்டும்.

இத்தகைய வாதத்தில் நாய் நினைவோடுதான் இருக்கும். முதலில் கண் இமைகள் தொங்கும், குரைப்பு மாறும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும், கால்கள் துவளும், இறுதியில் மூச்சுத் தசைகள் ஓயும். இவை மணிக்கணக்கில் நடந்து முடிந்து விடும். நம் நாட்டில் கிடைக்கும் நச்சுமுறி, நான்கு முக்கிய நச்சுப் பாம்புகளுக்கும் பொதுவானது. நாய்க்கும் அதே மருந்துதான். அதற்கு வேண்டிய நஞ்சை எடுப்பதில், 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

எலும்பு சிக்கியதா?

இனிப் பாட்டியின் யோசனைக்கு வருவோம்.

வெறிநாய் என்றதும், கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாயைத்தான் நாம் நினைக்கிறோம். வெறிநோய்க்கு மற்றொரு முகம் உண்டு. அதில் வெறியே இருக்காது. நாய் ஒதுங்கிப் படுக்கும். கீழ்த்தாடை தொங்கும். தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் எச்சில் ஒழுகும். குரல் கம்மிப் போகும். பின் கால்களும் விழும். இதற்கு வாத வகை வெறிநோய் என்று பெயர். வாய் திறந்தபடி, இருமுவதுபோல் முக்கும் நாயைப் பார்த்தால் எவருக்கும் எலும்பு சிக்கியதாகவே தோன்றும். அன்புள்ளவர் கையை விடுவார். எச்சிலில் வைரஸ் இருக்கிறது. விரலில் ஒரு சிறு கீறல் போதும். நாய் கடிக்கவே இல்லையே என்று அவர் ஊசியும் போட்டுக் கொள்ள மாட்டார்.

இந்த வைரஸ் இரத்தத்தில் பரவுவதில்லை. புகுந்த இடத்து நரம்பைப் பற்றிக்கொண்டு, நாளொன்றுக்கு மில்லிமீட்டர், சென்டிமீட்டர் கணக்கில் மூளையை நோக்கி ஊர்கிறது. அந்தப் பயணத்திற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மூளையை எட்டி நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்றும் மருந்து இல்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நாயிடமிருந்தே வருகிறது.

பாஸ்டர் 1885 ஜூலை 6-ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போடச் செய்தார். தென்னிந்தியாவுக்கென்று குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இல் வந்தது. உங்கள் தாத்தா காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று கதைகதையாகச் சொல்வார்களே, அது ஆட்டு மூளையில் செய்த தடுப்பு மருந்து. அதில் கலந்திருந்த நரம்புப் பொருளால் அரிதாகச் சிலருக்குக் கைகால் வாதமே வந்ததுண்டு! 2004-இன் இறுதியில் இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில், தொடங்கும் நாளை 0 என்று கொண்டால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் கையில் தோலுக்குள் போடும் சிறு ஊசிதான். கடி ஆழமாக இருந்தாலும், எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தாலும் நோய் எதிர்ப்புப் புரதமும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று: ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதல். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது.

பாம்பு தீண்டிய நாய்க்கும் எச்சில் ஒழுகும், வெறிநோய் நாய்க்கும் ஒழுகும். திண்ணையோரம் நின்று இரண்டையும் பிரித்தறிய மருத்துவராலும் எளிதில் முடியாது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட நாய் என்றால் ஐயம் வெகுவாகக் குறையும். போடாத நாய் என்றால், தாடை தொங்கும் வாய்க்குள் எவர் கையும் போகக் கூடாது. தண்ணீர் புகட்டுவதும் கூடாது. வீட்டில் யார் யார் கையில் அந்த எச்சில் பட்டது என்று அப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது

முகம் தெளிவாக இருந்து, தாடை சரியாக இருந்து, கால்கள் மட்டும் விழுந்த நாயை எப்படி எடுத்துச் செல்வது? இரண்டு பேர் முன்னங்கால் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினால் நடு முதுகு தொட்டில்போல் தொங்கும். கதவுப் பலகையோ, அகலமான அட்டையோ நாயின் முதுகுப் பக்கமாகச் சேர்த்து வைத்து, போர்வையோடு இழுத்து அதன்மேல் ஏற்றுங்கள். பழைய வேட்டியால் தோளிலும் இடுப்பிலும் தளர்வாகக் கட்டுங்கள். மிகச் சாதுவான நாயும் வலியில் கடிக்கும். ஆகவே தலைப்பக்கம் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம்.

முறிவை எக்ஸ்ரே காட்டும்; ஆனால் தண்டுவடம் அதில் தெரியாது. அதற்குக் காந்தப் புல ஒத்ததிர்வுப் படம் வேண்டும். உள்ளூர்க் கால்நடை மருத்துவர் தேவையென்று கருதினால், அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கோ, கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பி வைப்பார். எங்கே போனாலும் மருத்துவர் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான்: கடைசியாக எப்போது நன்றாக நடந்தது? எந்தக் கால் முதலில் விழுந்தது? நேற்றைக்கும் இன்றைக்கும் கூடியிருக்கிறதா? வலி உண்டா? தடுப்பூசி எப்போது போட்டது? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?

இந்தக் கடைசிக் கேள்வி விந்தையாகத் தோன்றும். பின்னங்கால் நரம்புகள் கிளம்பும் இடத்திற்கு அருகிலிருந்துதான் சிறுநீர்ப்பையின் நரம்புகளும் கிளம்புகின்றன. கால் விழுந்த நாய்க்குப் பை நிரம்பியிருப்பதும் தெரியாது, திறக்கவும் முடியாது. நிரம்பி வழியும் துளிகளைப் பார்த்து, 'சிறுநீர் தாராளமாகப் போகிறது' என்று நினைத்து விடுகிறோம். நாள்தோறும் மூன்று நான்கு முறை வயிற்றை மெல்ல அழுத்தி அதனை வெளியேற்ற வேண்டும். எப்படி அழுத்துவது என்பதை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக் கொண்டால், பத்தாம் வகுப்பு மாணவரும் செய்துவிடலாம்.